டை காயும் நேரம்

தலை முழுக்க டை பூசி முடித்து, காதோரம் வழிந்ததைப் பஞ்சால் துடைத்துவிட்டு, "அசையாம இருங்க அண்ணாச்சி, காயட்டும்" என்று சலூன்காரப் பேச்சிமுத்து சொல்லி வாய் மூடவில்லை, சட்டைப்பைக்குள் போன் ஒரு உதறு உதறியது. ஒரே உதறுதான். யாராவது கூப்பிட்டால் விடாமல் உதறும், வாட்ஸப் என்றால் மணிச் சத்தம் வரும், இது வெறும் மெசேஜ். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு மெசேஜ் அனுப்ப யார் இருக்கிறார்கள். பேங்க்குக்குக்கூட இன்றைக்கு லீவு. ஓடிபிதான். வீட்டில் மகள் நித்திலா லேப்டாப்பில் அமுக்கிவிட்டாள், அங்கே அமுக்கியது இங்கே என் நெஞ்சில் வந்து உதறுகிறது, ஏனென்றால் கவுன்சிலிங் விண்ணப்பத்தில் கொடுத்திருப்பது என் நம்பர். எல்லா வீட்டிலும் அப்படித்தான் கொடுக்கிறார்கள், படிப்பது பிள்ளை, நம்பர் அப்பனுடையது. நான் வீட்டுக்கு வந்த பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அமுக்கலாம் என்றுதானே பேச்சு. பேச்சா அது. நான் சொன்னேன், அவள் தலையை ஆட்டினாள். ஆட்டினாளா, இல்லை முடியை ஒதுக்கினாளா. இப்போது அமுக்கிவிட்டாள். எதை அமுக்கினாள்? போனை எடுத்துப் பார்த்தாலும் தெரியாது, அதில் ஆறு எண்தான் இருக்கும், எதற்கான எண் என்று இருக்காது. கழுத்தில் இறுக்கிக் கட்டிய துணிக்குள் என் ரெண்டு கையும் மடிமேல் கிடக்கின்றன. எடுக்க நினைத்தால் எடுக்கலாம், ஒன்றும் பெரிய காரியமில்லை. நான் எடுக்கவில்லை. அசைய வேண்டாம் என்று பேச்சிமுத்து சொல்லியிருக்கிறான்.

ரெண்டு பொத்தான். மொத்தம் அஞ்சு இருக்கிறது, ஆனால் எங்களுக்கு வேண்டியது ரெண்டுதான். முதல் பொத்தான் ஜாயின், கிடைத்த சீட்டை எடுத்துக்கொள்கிறேன், சேர்ந்துவிடுகிறேன், இத்தோடு சரி. ரெண்டாவது பொத்தான், கிடைத்ததைக் கையில் வைத்துக்கொள்கிறேன், ஆனால் நான் இதற்கு மேலே கேட்டிருந்தது யாராவது விட்டுக் காலியானால் அதைக் கொடு. அப்வேர்டு என்று அதற்குப் பெயர். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கையில் உள்ளது தானாகப் போய்விடும், அய்யோ அதுவே போதும் என்று பிறகு அழுதாலும் திரும்பத் தரமாட்டார்கள். கிடைக்காவிட்டால் கையில் இருப்பது அப்படியே இருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது, நித்திலாவுக்கு ஒரு தரம் வாசித்ததும் புரிந்துவிட்டது. கையில் உள்ளது திருநெல்வேலி, கவர்மெண்ட் காலேஜ், கம்ப்யூட்டர். தென்காசியில் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடலாம். மேலே உள்ளது சென்னை, பூமியை மேலேயிருந்து படம் எடுத்து அளக்கிற படிப்பு, அதன் பெயரைச் சொல்லும்போது எனக்கு நாக்கு மடங்கும், ஜியோ என்று ஆரம்பிக்கும். போன சுற்றில் அந்த சீட்டு கொஞ்சத்தில்தான் தவறியிருக்கிறது, இந்தத் தடவை அநேகமாகக் கிடைத்துவிடும் என்கிறாள் அவளுடைய கெமிஸ்ட்ரி டீச்சர். ஆகவே அப்வேர்டு அமுக்கினால் சென்னை, அமுக்காவிட்டால் தோசை. இன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் நேரம். இவ்வளவு தெளிவாகத் தெரிகிற எனக்கு ஏன் ஒன்றும் விளங்கவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

அந்த அம்மாவைச் சொல்ல வேண்டும். கவுன்சிலிங் தொடங்குவதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களை எல்லாம் கூப்பிட்டு, மதுரையிலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்துப் பேசவிட்டார்கள். பிள்ளை காலேஜுக்கு விண்ணப்பிக்கும்போது தாய் தகப்பன் எப்படித் துணையாக இருப்பது. நல்ல கணீர்க் குரல், மைக்கே தேவையில்லை, இருந்தாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். பதில் சொல்லாதீங்க, கேள்வி கேளுங்க. உங்க கனவை அவங்க தலையில ஏத்தாதீங்க. பக்கத்துலயே இருங்க, ஆனா ஒதுங்கி இருங்க. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வருகிற வழியில் வண்டியில்தான் இடித்தது, பக்கத்தில் இருந்துகொண்டு ஒதுங்கி இருப்பது எப்படி? எத்தனை அடியில் நிற்க வேண்டும்? மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருக்கிற என்னிடம் உயர் அழுத்தக் கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன், மகளிடமிருந்து எவ்வளவு என்று யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்தேன். உனக்கு என்னம்மா பிடிக்கும் என்றேன். தெரியலப்பா, நீங்க சொல்லுங்க என்றாள். பதில் சொல்லக்கூடாதே, ஆகவே, நீ என்ன நினைக்க என்றேன். நான்தானப்பா உங்ககிட்ட கேட்டேன் என்றாள். அதைப் பத்தி நீ என்ன நினைக்க என்றேன். என் வீட்டுக்காரி கோமதி அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் என்னத்தையாவது தின்னுட்டுப் பேசுங்க, தோச காயுது" என்று கத்தினாள். பிறகு இந்த ஒரு மாதமும் நான் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன். உன் இஷ்டம்மா. காலேஜ் பட்டியலை வரிசைப்படுத்தும்போது உன் இஷ்டம், சென்னையை முதலில் வைக்கட்டுமா என்று கேட்டபோது உன் இஷ்டம், திருநெல்வேலி கிடைத்திருக்கிறது என்று ஓடிவந்து காட்டியபோதுகூட, சந்தோஷத்தில் என் வாய் காது வரைக்கும் போகப் பார்த்தது, அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உன் இஷ்டம்மா. முகத்தில் ஒன்றும் காட்டிவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன். இன்று காலையில்கூட, முடிவு எடுக்கிற நாள், நாம் வீட்டில் நின்று கழுத்தில் மூச்சு விடக்கூடாது என்றுதான் டை அடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். "இன்னைக்குத்தான் ஒமக்கு மண்டைக்குக் கருப்பு அடிக்கணுமா" என்றாள் கோமதி. அவளுக்கு இந்த ஒதுங்குதல் எல்லாம் புரியாது, அவள் கூட்டத்துக்கு வரவில்லை.

கண்ணாடியில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், தலையில் தார் பூசின மாதிரி, நெற்றி ஓரத்தில் கறுப்புக் கோடு, கழுத்துக்குக் கீழே உடம்பே கிடையாது, வெறும் துணி. பார்க்கச் சகிக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் போன அன்றைக்கு கேட்டில் நின்ற வாட்ச்மேன், பேத்திக்காக வந்தியளா சார் என்று கேட்டான், அவன்மேல் தப்பில்லை, கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் இவள், பிறக்கமாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லி, நாங்களும் சரி என்று ஏற்றுக்கொண்டு, கோமதி தங்கச்சி பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் வந்தவள். காலேஜில் சேர்க்கப் போகும்போது இன்னொரு வாட்ச்மேன் அப்படிக் கேட்கக்கூடாது என்றுதான் டை. எந்தக் காலேஜ் வாட்ச்மேன்? திருநெல்வேலிக்காரனா, சென்னைக்காரனா? சென்னைக்காரன் தாத்தா என்றே கூப்பிட்டுவிடுவான். பக்கத்து நாற்காலியில் தங்கப்பாண்டி பேப்பரை மடக்கினார். எங்கள் தெருக்கோடியில் சிமெண்ட் கடை வைத்திருப்பவர், முகச்சவரத்துக்கு வந்தவர், நுரை போட்டுக் காத்திருக்கிறார். "என்ன குற்றாலிங்கம், மகளுக்கு சீட்டு கெடச்சிட்டாம்லா?" என்றார். கெடச்சிருக்கு என்றேன். "எங்கன?" திருநெல்வேலி. "பொறவு என்ன, பேசாம சேத்து விட்டுருங்க. அப்வேர்டு கிப்வேர்டுன்னு போயிராதிய. எம் மச்சான் மகன் அப்பிடிப் போயி, ரெண்டும் போச்சி, இப்ப பாலிடெக்னிக்ல கெடக்கான்." அப்படியெல்லாம் ரெண்டும் போகாது அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பேச்சிமுத்து கத்தியைத் தீட்டிக்கொண்டே, "அப்வேர்டு குடுத்தாத்தான் ஸ்காலர்ஷிப்பு வரும்னு சொல்லுதாங்களே" என்றான். ரெண்டுமே தப்பு. ஆனால் ரெண்டு பேரும் சொன்ன விதத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. இந்த ஒரு மாதமாக டீக்கடையில், ஆபீஸில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், பார்க்கிறவர் எல்லாரும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் ஒன்றைச் சொல்கிறார்கள். வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறோம்.

போன் மறுபடியும் உதறியது. அதே ஒற்றை உதறல். முதல் எண் காலாவதியாகி, அவள் மறுபடி அனுப்பச் சொல்லி அமுக்கியிருக்கிறாள். அவசரப்படுகிறாள். ஏன் அவசரம்? நான் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றா? அப்படியானால் அப்வேர்டுதான், நான் வந்தால் தடுப்பேன் என்று நினைத்திருக்கிறாள். ஆனால் நம்பர் என் பையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா, என்னைக் கேட்காமல் முடிக்க முடியாதே. அப்போது வேறு ஏதோ. ஜாயின் அமுக்கியிருக்கலாம், எப்படியும் அப்பா ஒத்துக்கொள்வார் என்று. சந்தோஷப்பட வேண்டியதுதானே நான். திருநெல்வேலி என்றால் எனக்குச் சந்தோஷம். இல்லையா? பின் ஏன் ஜாயின் என்று நினைத்ததும் அவள் காட்டிய படம் ஒன்று கண்முன் வந்து நிற்கிறது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனைக் கொண்டுவந்து என் தட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் நீட்டினாள். அப்பா இங்க பாருங்க. மேலேயிருந்து எடுத்த படம், பச்சைப் பசேலென்று குற்றாலத்து மலை. அந்தப் பச்சைக்குள் நேராக ஒரு கோடு ஓடியது, வகிடு எடுத்த மாதிரி. என்ன தெரியுதா என்றாள். தெரியவில்லை. உங்க லைன்ப்பா, கம்பி போறதுக்காக மரத்த வெட்டி விட்டிருக்கியல்லா, அது வானத்துலேருந்து தெரியுது பாருங்க என்றாள். எத்தனை வருஷம் அந்தக் கோட்டில் நடந்திருக்கிறேன், அட்டை கடித்து, மழையில் நனைந்து, இன்சுலேட்டர் உடைந்த இடத்தைத் தேடித் தேடி. எனக்கு அது முள்ளும் சேறும்தான், மேலேயிருந்து பார்த்தால் கோடாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும். சாம்பார் ஆறிப்போனது, அவள் விரலால் நகர்த்திக்கொண்டே போனாள், செங்கோட்டை, புளியரை, அந்தப் பக்கம் கேரளா, நிறுத்தவே இல்லை. அந்தப் படிப்புக்குத்தான் அந்த நாக்கு மடங்குகிற பெயர். ஜாயின் அமுக்கினாள் என்றால் அந்த விரல் நின்றுபோனது என்று அர்த்தம். எனக்காக நின்றதா?

கேட்டுவிட்டால் தீர்ந்தது. வேலையில் அப்படித்தானே. கம்பத்தில் ஆள் ஏறியிருக்கும்போது சப்ளை கொடுப்பதற்கு முன்னால், ஏறினவன் வாயாலேயே இறங்கிட்டேன் என்று கேட்க வேண்டும், பக்கத்தில் நிற்கிறவன் சொன்னாலும், ஏணி கீழே கிடந்தாலும், நம் கண்ணுக்கு அப்படித் தெரிந்தாலும், அனுமானத்தில் சுவிட்சைப் போடக்கூடாது. எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன் இதை. அந்த நான் ஒரு மாதமாக என் மகளிடம் அனுமானத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கேட்டேனே, உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேனே. ஆனால் அது கேள்வி மாதிரி இல்லையே, மதுரை அம்மா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்த மாதிரி அல்லவா இருந்தது. சரி, கேட்டு, அவள் சென்னைதான் என்று சொன்னால்? அய்யோ. கழிப்பறையில் பல்லி இருந்தால் விடியும்வரை அடக்கிக்கொண்டு இருக்கிறவள். இடி இடித்தால் இன்னும் எங்கள் அறைக்குத் தலையணையோடு வருகிறவள், வந்து, சும்மாதான் வந்தேன் என்று சொல்கிறவள். ஹாஸ்டலில் காய்ச்சல் வந்தால் யாரிடம் சும்மா போவாள்? காய்ச்சல் வந்தால் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிடுவாள், சொன்னால் கேட்கமாட்டாள், அந்த ஊர்த் தண்ணீர் வேறு. பஸ்ஸில் படியில் நிற்பார்களாம் அங்கே. ரயில் கேட்டில் போன் பார்த்துக்கொண்டே நடப்பார்களாம். இதையெல்லாம் யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, நானேதான். அவள் போகாமல் இருந்தால் மட்டும்? நாலு வருஷம் கழித்து வேலைக்கு எப்படியும் போகத்தானே போகிறாள், பெங்களூரோ எங்கேயோ, அப்போது மட்டும் பல்லி இருக்காதா. நாலு வருஷத்தைத் தள்ளிப்போடத்தானா இத்தனை பாடு? ஆமாம், நாலு வருஷம் என்றால் சின்ன விஷயமா. எனக்கு ரிட்டையர்மெண்ட் ஆகிவிடும், நானும் கோமதியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து டிவி பார்ப்போம், அவளுக்குச் சீரியல், எனக்குச் செய்தி, ரிமோட்டுக்கு சண்டை, சண்டையை விலக்க நடுவில் உட்கார்ந்து ரெண்டு பேரையும் திட்ட யாரும் இருக்கமாட்டார்கள். வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருந்தது அவள் பிறப்பதற்கு முன்னால். அந்தச் சத்தமின்மையை எனக்குத் தெரியும். அதுதான் பயம், பல்லி இல்லை, பஸ் இல்லை. ஆனால் இது என் பயம் அல்லவா, இதை எதற்கு அவள் பொத்தானுக்கு நடுவில் வைக்கிறேன், வைக்கவில்லையே, நான்தான் ஒன்றுமே சொல்லவில்லையே, அவ்வளவு கவனமாக இருந்தேனே.

உதறல். இது ஒற்றை இல்லை, விடாமல் உதறுகிறது. கூப்பிடுகிறாள். துணிக்குள் கையை நெளித்துச் சட்டைப்பையைத் தேடினேன், துணி மேலே ஏறிக் கழுத்தை இறுக்கியது. "இருங்க இருங்க, காதுல வச்சிராதிய, போன் பூரா டை ஆயிரும்" என்று ஓடிவந்து, பேச்சிமுத்து துணியைத் தூக்கி, போனை எடுத்து, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஸ்பீக்கரைப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் இருந்த பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டான். வைத்தவன் நகர்ந்திருந்தாலாவது பரவாயில்லை, பக்கத்திலேயே நின்றான். தங்கப்பாண்டி நுரைக்குள்ளிருந்து பார்த்தார். "அப்பா, நம்பர் வந்துச்சாப்பா?" என்று நித்திலாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம், கோமதி தேங்காய் அரைக்கிறாள். வந்துச்சும்மா என்றேன். "சொல்லுங்க. ரெண்டாவது வந்ததச் சொல்லுங்க, மொதல்ல வந்தது செல்லாது." சொல்லியிருக்கலாம். எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு, தலையைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்குப் போய், அப்புறம் தெரிந்துகொண்டிருக்கலாம். ஒதுங்கி இருப்பது என்றால் அதுதான் ஒருவேளை. ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "எதைம்மா அமுக்குன?" அந்தப் பக்கம் மிக்ஸி நின்றது, கோமதி காது கொடுக்கிறாள் என்று தெரிந்தது. "டைம் போயிரும்ப்பா, சொல்லுங்க." எதை அமுக்குன. "உங்களுக்குப் பிடிச்சதத்தாம்ப்பா."

எனக்குப் பிடித்தது. எனக்கு எது பிடித்தது? கண்ணாடியில் இருந்தவனைப் பார்த்தேன், அவனுக்கும் தெரிந்த மாதிரி இல்லை. எனக்கே பிடிபடாத ஒன்றை இவள் எங்கிருந்து கண்டுபிடித்தாள்? "எனக்கு எது பிடிக்கும்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? நான்தான் ஒண்ணுமே சொல்லலியே" என்றேன். "அதாம்ப்பா, ஒண்ணுமே சொல்லலல்லா" என்றாள். "மெட்ராஸ்னு பேச்சு எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருதிய. நேத்து மோட்டார் போடணும்னு போனியல்லா, மோட்டார் ஓடிக்கிட்டுத்தாம்ப்பா இருந்துச்சு. உன் இஷ்டம் உன் இஷ்டம்னு சொல்லிக்கிட்டு மூஞ்சிய அப்பிடி வச்சுக்கிட்டா நான் என்னத்தன்னு எடுத்துக்கிடுதது? இன்னைக்கும் எந்திரிச்சுப் போயிட்டிய. அதான் ஜாயினே அமுக்கிட்டேன். சொல்லுங்கப்பா நம்பர." கோமதியின் குரல் பின்னாலிருந்து, "நல்லா கேளுளா அவர" என்றது. தங்கப்பாண்டி, நல்ல முடிவு, கெட்டிக்காரப் பிள்ளை என்று நுரை தெறிக்கச் சொன்னார். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, திருநெல்வேலி, தோசை, தலையணை, எல்லாம் அப்படியே இருக்கும், எண்ணை மட்டும் சொன்னால் போதும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்தேன் என்றல்லவா நினைத்தேன். ஒரு மாதமாக இந்தக் குழந்தை என் எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் காட்டாத என் மூஞ்சியையே வாசித்து வாசித்து, அதில் இருந்ததை எனக்கு முன்னால் கண்டுபிடித்திருக்கிறாள். ஒதுங்கி நிற்கிறேன் என்று நான் நினைத்த இடத்திலேயே அவளுக்கு வழி தெரியாத மாதிரி குறுக்கே நின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கடையில் ஆட்கள் இருப்பதால் இல்லை.

"பாப்பா, கேளு" என்றேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே சொன்னேன், சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. "எனக்கு நீ போகக்கூடாதுன்னுதான் இருக்கு. நீ சொன்னது சரிதான். பேச்சு வந்தா எந்திரிச்சுப் போனது அதுக்குத்தான். நீ இல்லாம அந்த வீட்டுல எப்பிடி இருக்கதுன்னு எனக்குத் தெரியல. இது எம் பயம் பாப்பா. மொதல்லயே ஒங்கிட்ட சொல்லியிருக்கணும், சொன்னா ஒன்ன அமுக்குன மாதிரி ஆயிரும்னு நெனச்சு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். இப்பச் சொல்லிட்டேன், அவ்வளவுதான், அத நான் பாத்துக்கிடுதேன். நீ அதக் கணக்குல சேக்காத. ஒனக்கு என்ன வேணும்? இது கூட்டத்துல சொன்ன கேள்வி இல்ல, நெசமாக் கேக்கேன்." பேச்சிமுத்து விசிறியின் வேகத்தைக் குறைத்தான். லைன் கட்டாகிவிட்டதோ என்று திரையை எட்டிப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "எனக்கும் பயமாத்தாம்ப்பா இருக்கு" என்றாள். "ஆனா போணும்."

நெஞ்சில் ஒன்று இடித்தது, ஒன்று இறங்கியது, ரெண்டும். அப்போ போ என்று சொன்னேனா, சரி என்று சொன்னேனா, ஏதோ சொன்னேன். "அப்பம் இந்த நம்பரு வேண்டாம்ப்பா" என்றாள், அழுகைக்கு நடுவிலேயே காரியக்காரக் குரல் வந்துவிட்டது, "பின்னால போயி மாத்தி அமுக்குதேன். புதுசா ஒண்ணு வரும். போன வெட்டிராதிய." தட்டுகிற சத்தம் கேட்டது. கிடைக்காமலும் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், அப்வேர்டு கொடுத்தாலும் யாரும் விடாமல் இருந்தால் திருநெல்வேலிதான், சும்மா சொல்லிப் பார்த்தேன், அதில் மனசு ஒட்டவில்லை. கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேனா, கிடைக்கக்கூடாது என்றா, ரெண்டையும் ஒரே மூச்சில் நினைக்க முடியும் என்று இப்போதுதான் தெரிகிறது. பவுடர் டப்பாமேல் சாய்ந்திருந்த போன் உதறி வழுக்கியது, பேச்சிமுத்து பிடித்துக்கொண்டான். தங்கப்பாண்டி எக்கிப் பார்த்து, "நான் வாசிக்கட்டுமா, ஒமக்குக் கண்ணாடி இல்லல்லா" என்றார். வேண்டாம் அண்ணாச்சி, நானே சொல்லுதேன் என்றேன். துணியிலிருந்து கையை வெளியே எடுத்து, போனை வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்தேன். நாலு, என்றேன். நாலு என்றாள். ஒண்ணு. ஒண்ணு. ஒம்பது. "வேகமாச் சொல்லுங்கப்பா, போயிரும்." எட்டு. பூஜ்யம். எனக்கு என்ன அவசரம். கடைசி எண் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது, அது தெளிவாகத் தெரிந்தது, அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "அப்பா?" என்றாள். சொன்னேன்.